நாற்பத்தோரு தடவை கூப்பிட்டும் திரும்பாத காயில் அக்கா

காயில் அக்காவுக்குத் திமிர் ஏறிவிட்டதாம். தொழில் பயிற்சி கொடுக்கிற மிஷின் நாற்பத்தோரு தடவை "இருக்கிறீர்களா? இருக்கிறீர்களா?" என்று கூப்பிட்டதாம். அக்கா ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம். கடைசியில் மிஷினே வெறுத்துப்போய் அவர் பெயரை வெட்டிவிட்டதாம்.

டீக்கடையில் இது இவ்வளவுதான் இருந்தது. நாலு கடை தள்ளித் தையல்காரரிடம் போனபோது, அக்கா அந்தப் போனைத் தூக்கி வார்னிஷ் டின்னுக்குள் போட்டுவிட்டார் என்று வளர்ந்திருந்தது. இரும்புக் கடைக்கு வந்தபோது, "வேணும்னா தண்ணி வாரியமே என் கடை வாசல்ல வந்து நிக்கட்டும்" என்று வசனமும் பேசிவிட்டார். இன்னும் ரெண்டு கடை தாண்டியிருந்தால் அக்கா யாரையாவது அடித்துமிருப்பார். நல்லவேளையாக அதற்குள் தெரு முடிந்துவிட்டது.

வதந்தி என்றால் அப்படியே எழுதிவிடுகிற ஆள் இல்லை நான்; போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். பெரும்பாலும் அது பொய்யாக இருந்து என் பத்திரிகைப் பத்தியைக் கெடுக்கும். இந்தத் தடவை உண்மையாக இருந்து கெடுத்தது.

அக்காவின் கடை ஒரு ஷட்டர் அகலம். மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பிச் சுருள்களை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி இறக்கி உயிர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் காயில் கட்டுவது. பத்தொன்பது வருஷமாக அக்கா செய்வது அதைத்தான். கடைக்குள் நுழைந்ததும் எரிந்த கம்பி வாசனை, வார்னிஷ் வாசனை, அதற்கு அடியில் லேசாகத் தேங்காய் எண்ணெய். ஒரு மூலையில் தகரப் பெட்டிக்குள் குண்டு பல்புகள் எரிகின்றன; வார்னிஷில் முக்கிய மோட்டார்கள் அந்தச் சூட்டில் காய்கின்றன. சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிய பட்டியல், எந்த மோட்டார் யாருடையது என்று.

நான் போனபோது ஷட்டரில் சிவப்புத் துணி தொங்கியது. வாசலில் மூன்று பேர் துக்க வீட்டில் நிற்பதுபோல் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். உள்ளே அக்கா ஒரு கைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா, உங்களைப் பத்தி ஒரு…" என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் நின்றவர் என் முழங்கையைக் கிள்ளினார். நிஜமாகவே கிள்ளினார்.

ஒரு நிமிஷம் போயிற்று. "நூத்திப் பன்னெண்டு" என்று அக்கா வாய்விட்டுச் சொல்லி, தரையில் ஒரு கோடு போட்டு, சிவப்புத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில் நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், இருமல் உட்பட.

"சொல்லுங்க சார், என்ன எரிஞ்சிருக்கு?"

"மோட்டார் எரியலக்கா. உங்க பேருதான் கொஞ்சம் கருகியிருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரி.

"போனை வார்னிஷ்ல போட்டது பொய். வார்னிஷ் விக்கிற வெலைக்கு யாரு போடுவா? தண்ணி வாரியத்தைச் சொன்னதும் பொய். ஆனா நாப்பத்தோரு தடவை சரிதான் சார். நானும் எண்ணியிருக்கேன்."

இந்த இடத்தில் அந்தத் தெருவின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவப்புத் துணி தொங்கினால், காயில் கட்டுகிறவர் கம்பியை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்; அப்போது யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். ஒரு சுருளுக்கு நூற்றுப் பன்னிரண்டு சுற்று என்றால் நூற்றுப் பன்னிரண்டுதான். ஒன்று குறைந்தால் அந்தச் சுருள் சூடேறும், பக்கத்துச் சுருளையும் சேர்த்துக்கொண்டு எரியும். நடுவில் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாலும் எண்ணிக்கை போயிற்று. கம்பியை அவிழ்த்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். அக்காவின் சக்கரத்தில் எண்ணும் முள் ஒன்று இருக்கிறது. அது என்றைக்கோ பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து அக்கா அதோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

இந்தச் சட்டம் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். அக்காவின் கணவர் ஒரு குடோனில் இரவுக் காவலாளி. அவரே சொன்னார்:

"ஒரு நாள் பல்ப் மாட்டறேன்னு ஏணியிலிருந்து விழுந்துட்டேன் சார். இவ முப்பத்தஞ்சுல இருந்தா. நூத்திப் பன்னெண்டு வரைக்கும் கீழயே கிடந்தேன். அப்புறம்தான் வந்து 'எங்க அடிபட்டுச்சு'ன்னு கேட்டா."

"கத்தவே இல்லையே நீங்க. பெரிய அடி இல்லன்னு நெனச்சேன்."

"கத்தினா திரும்பச் சுத்தணும்னு திட்டுவியே!"

இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத்தான் போனில் இருக்கும் அந்தப் பயிற்சிச் செயலி, "இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறது.

செயலியின் கதை இது. ஊரில் தண்ணீர் வாரியத்துக்கு ஒன்பது பம்ப் ஹவுஸ்கள். அவற்றின் மோட்டார் எரிந்தால் பதினோரு வருஷமாக அக்கா கடைக்குத்தான் வரும். கடை வாடகை, வீட்டு அடுப்பு, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒன்பதில் ஓடியவை. போன வருஷம் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது: இனிமேல் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை, பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பட்டியலில் சேரத் தொழில் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், பயிற்சி செயலியில் மட்டும். இருபத்தெட்டுப் பாடம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேர வீடியோ. கட்டணம் இல்லை. எல்லோரும் கற்கலாம், எங்கிருந்தும் கற்கலாம், எப்போதும் கற்கலாம்.

எப்போதும் என்றால் எப்போது? வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். இரவு அது வீட்டுக்காரரோடு குடோனுக்குப் போகிறது. அங்கே அவருடைய கம்பெனி மணிக்கொரு தடவை அவர் முகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறது, தூங்கவில்லை என்பதற்குச் சாட்சியாக. காலையில் போன் வீட்டுக்கு வருகிறது. பகலில் அக்காவுக்குக் கடை. ஆகவே அக்கா போனைக் கடை மேசையில் சாய்த்து வைத்து, பாடம் ஓட ஓடக் காயில் கட்டினார்.

"ராத்திரி பூரா அவரை இருக்கியா இருக்கியான்னு கேக்குது. பகல் பூரா என்னைக் கேக்குது. அந்தப் போனுக்கு எங்க வீட்டு மேலதான் சார் சந்தேகம்."

செயலி எப்போது கேட்கும் என்று சொல்ல முடியாது. வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்று, "இருக்கிறீர்களா?" என்று ஒரு கட்டம் வரும். பத்து விநாடிக்குள் "இருக்கிறேன்" என்பதை அமுக்க வேண்டும். ஒரு பாடத்தில் மூன்று தடவை விட்டால் பாடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மொத்தம் நாற்பதைத் தாண்டினால், கற்பவருக்கு ஆர்வம் இல்லை என்று கணக்கை முப்பது நாள் பூட்டிவிடும்.

அக்கா அறுபதில் இருக்கும்போது கேட்டது. தொண்ணூற்றேழில் இருக்கும்போது கேட்டது. ஒரு தடவை நூற்றுப் பதினொன்றில் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா, சுத்திட்டு அமுக்கியிருக்கலாமே?" என்றேன்.

"சுத்தி, அவிழாம முனையைக் கட்டிட்டுதான் அமுக்கினேன். அதுக்குள்ள பதினோரு செகண்டாம்."

நாற்பத்தோரு தடவை அவர் பதில் சொல்லியிருந்தால் நாற்பத்தோரு சுருள் பாழ். அவர் தொழிலைக் கைவிடாமல் இருந்ததற்குப் பெயர் ஆர்வமின்மை. கணக்கு பூட்டிக் கிடந்த அந்த முப்பது நாளுக்குள் வாரியத்தின் பட்டியல் மூடிவிட்டது. ஒன்பது பம்ப் ஹவுஸும் வேறு ஒருவர் பெயருக்குப் போய்விட்டன. அவரைப் பற்றிப் பிறகு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைச் சுவரில், வார்னிஷ் தெறித்த கண்ணாடிக்குள், ஒரு சான்றிதழ் தொங்கியது. மோட்டார் காயில் கட்டுதல், ஆறு மாதப் பயிற்சி, முதல் வகுப்பு.

"இது என்னக்கா?"

"அதுவா? அது நான் படிச்சது."

இருபது வருஷத்துக்கு முன்னால் அக்கா இதே ஊரின் பயிற்சி மையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. மாலை வகுப்பு நடக்கும் கூடத்தைப் பெருக்க ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருப்பானேன் என்று பின் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்து, "சும்மா உக்காந்திருக்கேன், பேரை எழுதிக்கங்க" என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார். நாற்பது பேரில் ஒரே பெண். கைக்குழந்தையை மோட்டார் வந்த அட்டைப் பெட்டியில் துணி விரித்துப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். கூடப் படித்தவர்கள் பெட்டியின் மேல் "பிரிக்காத சரக்கு" என்று எழுதி வைத்தார்களாம். அந்தச் சரக்கு இப்போது வேறு ஊரில் நர்ஸாக இருக்கிறது.

அந்தக் கூடத்தில் எப்போது வேண்டுமானாலும் கை தூக்கிச் சந்தேகம் கேட்கலாம். எண்ணிக்கொண்டிருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சிவப்புத் துணி அங்கே பிடித்த பழக்கம்தான்.

"இதைச் செயலியில காட்டலையா?"

"போட்டோ புடிச்சு அனுப்பினேன். படம் தெளிவா இல்லைன்னு திருப்பி அனுப்பிடுச்சு. கண்ணாடியைக் கழட்டிட்டு அனுப்பினேன். அதுக்கும் தெளிவா இல்லையாம். நேர்ல போனா என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். நீங்க வர்றீங்களா?"

போனோம். அக்கா படித்த அந்தப் பயிற்சி மையம்தான் இப்போது செயலியையும் நடத்துகிறது. வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள்; பின்னால் மோட்டார் இல்லை, வானம் இருக்கிறது. "தொழில் இனி உங்கள் உள்ளங்கையில்" என்று எழுதியிருக்கிறது. அக்கா தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கம்பி அறுத்த தழும்புகளில் வார்னிஷ் ஏறி, ரேகை எது தழும்பு எது என்று பிரிக்க முடியாது.

அலுவலர் மரியாதையானவர். எழுந்து நின்று, நாற்காலி காட்டி, "சொல்லுங்க மேடம்" என்றார். இந்த மரியாதைதான் என்னை முதலில் உஷ்ணமாக்கியது. கதவைச் சாத்தத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது மெதுவாகச் சாத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "நீங்க பாதியில போனவங்க லிஸ்ட்ல இருக்கீங்க மேடம்."

"நான் எங்கயும் போகல சார். கடையிலதான் இருந்தேன்."

"இருந்திருப்பீங்க. சிஸ்டத்துல இல்லையே."

அக்கா புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்த சான்றிதழை மேசையில் வைத்தார். "இந்தக் கட்டடத்துலதான் கொடுத்தாங்க. இதே முத்திரைதான், பாருங்க."

அவர் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "ஆமா, நம்மளுதுதான். ஆனா இதுல கியூஆர் கோடு இல்லையே மேடம்."

"அது இல்லன்னா எனக்கு வேலை தெரியாதா?"

"தெரியும் மேடம், யாரு இல்லன்னா? வெரிஃபை பண்ண முடியாது, அவ்வளவுதான்."

"ஒரு மோட்டாரைக் கொடுங்க. உங்க முன்னாடியே கட்டறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ கேட்டால் சிரிப்போமே, அது. "அதெல்லாம் இப்ப நிறுத்தியாச்சு மேடம். செய்முறையும் ஆப்லதான். கம்பியை விரலால இழுத்துப் படத்துல வைக்கணும். ரொம்ப ஈஸி." பிறகு என் பக்கம் திரும்பி, நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததால், திரையையும் திருப்பினார். "முன்னாடி வருஷத்துக்கு நாற்பது பேர் சார். இப்ப பதினோராயிரம் பேர்! எந்த மூலையில இருக்கிறவங்களும் படிக்கலாம்." திரையில் ஒரு வரைபடம் பச்சைப் பசேல் என்று இருந்தது.

அக்கா அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பதினோராயிரத்துல எத்தனை பேரு மோட்டாரைத் தொட்டாங்க சார்?"

"அந்த டேட்டா நாங்க எடுக்கறதில்லை மேடம்."

வெளியே வரும்போது அந்தக் கூடத்தைக் கடந்தோம். பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேசைகள் ஒன்றன்மேல் ஒன்று; தரையில் வரிசையாக மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. பதினெட்டு. அக்காவுக்கு எண்ணாமல் இருக்க முடியாது, எண்ணிச் சொன்னார். கம்பி இருக்கிறது, மேசை இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, பூட்டும் நல்ல பூட்டு. அக்காவின் வீட்டிலிருந்து அந்தக் கூடம் பத்து நிமிஷ நடை. அவர் எங்கிருந்து வேண்டுமானாலும் கற்கலாம், அங்கிருந்து மட்டும் முடியாது. ஒரு ஏழை கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்ததைப் பூட்டிவிட்டு, எட்டாத ஒன்றை இலவசம் என்று அறிவிப்பதற்கு நம் காலத்தில் வசதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் வீட்டில் மோட்டார் எரிய வேண்டும் என்று நான் சபிக்கவில்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அலுவலர் எங்கள் பின்னாலேயே வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். என் ரூம்ல ஃபேன் ரெண்டு நாளா மெதுவாச் சுத்துது. என்னன்னு தெரியுமா?"

"கெப்பாசிட்டர் போச்சு சார். உள்ள நுழையும்போதே பாத்தேன்."

"மாத்திக் கொடுத்துடறீங்களா?"

"எனக்குச் சர்டிபிகேட் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார்.

குறையைச் செயலியிலேயே எழுதிப் போட்டோம். மறுநாள் பதில் வந்தது: உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? என்ன தீர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தால் காரணத்தை ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஐந்து கொடுத்தால் எதுவும் எழுத வேண்டாம். பெட்டியில் மூன்று மோட்டார் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஐந்து கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பயனாளிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எங்காவது ஒரு திரையில் அதுவும் பச்சையாக ஏறியிருக்கும்.

இப்போது அந்த வேறொருவர். தெருவில் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்று பெயர், செயலியில் அவர் வாங்கிய மார்க் அது. ஐம்பத்திரண்டு வயது. முன்பு ஜெராக்ஸ் மிஷின் விற்கும் கம்பெனியில் இருந்தார், கம்பெனி மூடிவிட்டது. வீட்டில் ஓயாத இன்டர்நெட், ஆளுக்கொரு போன், சத்தமில்லாத ஓர் அறை, கணிசமான ஓய்வு. பதினைந்தே நாளில் இருபத்தெட்டுப் பாடத்தையும் முடித்தார். மோசடி ஒன்றும் இல்லை. இடையில் அவர் கண்ணசந்தபோது "இருக்கிறேன்" என்று அமுக்கியது அவருடைய கூடப்பிறந்த அக்கா, அவ்வளவுதான்.

பட்டியல் வந்த மூன்றாவது வாரம் அவர் ஒரு வண்டியில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு காயில் அக்கா கடைக்கு வந்தார். நாலாம் நம்பர் பம்ப் ஹவுஸ். நல்லவேளை, சிவப்புத் துணி தொங்கவில்லை.

"திறந்து பாத்தேன்மா. அப்படியே மூடிட்டேன். பாடத்துல சிவப்பு, மஞ்சள், நீலம்னு கலர் கலராக் காட்டினாங்க. இது உள்ள எல்லாமே கறுப்பா இருக்கு."

"எரிஞ்சா கறுப்பாத்தான் இருக்கும்."

"எரிஞ்ச மோட்டார் பாடத்துல வரலம்மா."

அக்கா எழுந்து நின்றார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பதினோரு வருஷம் இந்த மோட்டார் என் கையில வளந்தது. எப்ப சூடேறும், எப்ப முனகும், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு எழுதிட்டு உங்களுக்குத் தெரியும்னு எழுதியிருக்காங்க. எடுத்துட்டுப் போங்க. போயி விரலால இழுத்து வைங்க!"

நூத்துக்கு நூறு நின்றார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அக்காவிடம் தொழிலை விட்டுவைத்துத் தாளைப் பிடுங்கினார்கள். இவரிடம் தாளைத் திணித்துவிட்டுத் தொழிலைக் காட்டவே இல்லை. இரண்டு பேரையும் ஒரே பச்சைப் புள்ளியாக வரைபடத்தில் வைக்க ஆசைப்பட்ட அந்தக் கைதான் எனக்கு வேண்டும். அதைத்தான் எங்கேயும் காண முடியவில்லை.

"தப்புதாம்மா" என்றார் அவர். "பாதிக் கூலி கொடுத்துடறேன். எப்படியாவது…"

நாலாம் நம்பர் ஓடாவிட்டால் மூன்று தெருவுக்குத் தண்ணீர் இல்லை. அதில் ஒன்று அக்காவின் தெரு. அக்கா மோட்டாரைப் பார்த்தார், மேசை மேல் சாய்ந்து கிடந்த போனைப் பார்த்தார். கணக்கின் பூட்டு அன்று காலையில்தான் திறந்திருந்தது.

"பாதியெல்லாம் வேண்டாம். முழுக் கூலி. அது போக இன்னொண்ணு."

"சொல்லும்மா."

"நான் சுத்தறப்ப நீங்க உக்காந்து அமுக்கணும். இருபத்தெட்டுப் பாடமும்."

அப்படித்தான் சான்றிதழ் பெற்ற வல்லுநர் ஒருவர், வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடமாக ஐந்து மாதம், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, சான்றிதழ் இல்லாத ஒருவருக்காக "இருக்கிறேன்" என்று அமுக்கினார். சிவப்புத் துணி தொங்கினால் மூச்சுவிடுவதையும் குறைத்துக்கொள்வார். மறுபடி பூட்டுமோ என்று பயந்தால் மட்டும் போதாது என்று நினைத்ததோ என்னவோ, செயலி விதியையும் இறுக்கியிருந்தது: பூட்டித் திறந்த கணக்கு கண்காணிப்பில் இருக்கிறது, இனி ஒன்றைத் தவறவிட்டாலே பாடம் முதலிலிருந்து. நூத்துக்கு நூறு ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது வாரம் செயலி அக்காவைப் பாராட்டி ஒரு பதக்கப் படம் அனுப்பியது: "ஆர்வமிக்க கற்பவர்." அதை முதலில் பார்த்தது வாளிக்காரர்தான். அவர் வெட்கப்பட்டார்.

ஒன்பதாவது பாடத்தில் ஒரு சம்பவம். சுற்றி முடித்த கையோடு அக்கா திரையைப் பார்த்தார். "ஐயையோ, பேப்பர் போடாம இறக்கறான் பாருங்க!" கம்பியை இரும்புக்குள் இறக்கும் முன் நடுவில் ஒரு காப்புத் தாள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட அன்றைக்கே ஷார்ட் ஆகும், தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். படத்தில் அந்தத் தாளே இல்லை.

"எனக்கு இதுக்குத்தாம்மா முழு மார்க் கொடுத்துச்சு" என்றார் நூத்துக்கு நூறு.

பாடம் தப்பு என்று எழுதிப் போட அக்கா இடம் தேடினார். நட்சத்திரத்துக்குத்தான் இடம் இருந்தது.

இருபத்தேழு பாடம் முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. அடுத்த பட்டியல் இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. அதற்குள் கடைசிப் பாடம் முடிந்தால் ஒன்பது பம்ப் ஹவுஸுக்கும் அக்கா பெயரிலேயே வேலை வரும். முடியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் அடுத்தவர் பெயரில் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

இருபத்தாறாம் தேதி அந்தப் பாடம். அன்று பார்த்து நூத்துக்கு நூறைப் பயிற்சி மையம் கூப்பிட்டுவிட்டது. முன்மாதிரிப் பயனாளி என்று அவரைப் படம் எடுக்கிறார்களாம், பலகைக்கு. போகாவிட்டால் விசாரிப்பார்கள் என்று பயந்துகொண்டே போனார். போகும்போது வாளியை என்னிடம் ஒப்படைத்தார்.

"ரொம்ப ஈஸி சார். கட்டம் வந்தா அமுக்குங்க."

இதில் என்ன இருக்கிறது? நான் உட்கார்ந்தேன். முதல் தடவை கேட்டது, அமுக்கினேன். இரண்டாவது, அமுக்கினேன். மூன்றாவது தடவையில் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஓடியாயிற்று. அக்கா சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுப் புதுச் சுருள் ஆரம்பித்தார். சக்கரம் சுற்றியது. கம்பி மேல் கம்பி, இடைவெளி இல்லாமல், செம்பு நிறத்தில் படிந்தது. அவர் உதடு அசைந்தது. எப்போது என்று தெரியாது, என் உதடும் அசைய ஆரம்பித்துவிட்டது. ஐம்பது. அறுபது. எண்பத்தாறில் என் மடியில் ஏதோ அதிர்ந்தது. எண்பத்தேழு. திரையில் ஏதோ கட்டம். எண்பத்தெட்டு. எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். கண்ணை அகல விரித்துப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், போனைக் காட்டித் தலையை ஆட்டினார். அவரால் சத்தம் கொடுக்க முடியாது. அவரும் தொண்ணூற்றிரண்டில் இருந்தார். என் எண்ணிக்கை சரிதான் என்று தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

"நூத்திப் பன்னெண்டு" என்றோம், இரண்டு பேரும்.

அக்கா தரையில் கோடு போட்டார். "சார்."

"சரியா எண்ணியிருக்கேனாக்கா?"

"ரொம்பச் சரி. அது போயிடுச்சு."

திரையில் இருபத்தெட்டாம் பாடம் பூஜ்யத்தில் நின்றது. அதோடு அன்றைய நெட்டும் தீர்ந்திருந்தது, வீட்டுக்காரர் போனோடு காவலுக்குக் கிளம்பும் நேரமும் ஆகியிருந்தது. என் போனை நீட்டினேன். பதிவு செய்த போனில் மட்டும்தான் திறக்குமாம். புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று உளறினேன். அதற்கும் அதே பதில்தான்.

திட்டியிருக்கலாம். ஏழு மாதக் கோபத்தில் ஒரு பிடியை என் மேல் போட்டிருந்தால் இந்நேரம் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். அவர் சாக்குக்கட்டியை எடுத்துச் சுவர்ப் பட்டியலில், மோட்டார்களுக்குக் கீழே, 'பேப்பர்காரர் – 1' என்று எழுதினார்.

"உங்க கணக்குல ஒரு 'இருக்கேன்' பாக்கி சார். வந்து தீர்த்துட்டுப் போங்க."

இதை எழுதும்போது தேதி இருபத்தெட்டு. வீட்டுக்காரருடைய குடோனில் நேற்றிலிருந்து பகல் ஆள் வரவில்லை. அவருக்கு இரண்டு வேளைக் காவல். போனும் அவரோடு போய்விட்டது. அங்கே மணிக்கொரு தடவை அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நாளை மதியம் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிறார் அக்கா. இன்று சாயங்காலம் கடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஷட்டரில் சிவப்புத் துணி. உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வாளி கவிழ்த்தபடி அதே இடத்தில் இருந்தது, சுவரில் என் பெயருக்கு எதிரே அந்த ஒன்றும். நான் கூப்பிடவில்லை.